இங்கிலாந்தின் பழைய கன்ட்ரி டான்ஸை இன்றும் ஏன் ஆடுகிறார்கள்?

பாளை மாமா (கேள்வி)

எனக்கு வயது அறுபத்திரண்டு. ஆடத் தெரியாது, ஆட ஆசைப்பட்டதும் கிடையாது. என் அக்கா மகள் மான்செஸ்டரில் மென்பொருள் வேலையில் இருக்கிறாள். புதன்கிழமை மாலைகளில் ஒரு சர்ச் கூடத்துக்குப் போய், இங்கிலாந்தின் பழைய ‘கன்ட்ரி டான்ஸ்’ ஆடுகிறாளாம். முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட ஆட்டங்கள். பகலெல்லாம் கணினி, மாலையானால் பதினேழாம் நூற்றாண்டு சார்லஸ் மன்னர் காலம்! “அதில் என்னம்மா இருக்கிறது?” என்று கேட்டால், “ஜூனில் இங்கேதானே வருகிறீர்கள், வந்து வரிசையில் நில்லுங்கள் மாமா” என்று சிரிக்கிறாள்.

கொஞ்சம் தயாராகப் போகலாமே என்று, ஜேன் ஆஸ்டினின் நாவலை வைத்து பிபிசி 1995இல் எடுத்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ தொடரைப் பார்த்தேன். நாயகன் டார்சியும் நாயகி எலிசபெத்தும் ஆடும் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். நடக்கிறார்கள், கை கொடுக்கிறார்கள், ஒருவரையொருவர் சுற்றி வருகிறார்கள், மறுபடி நடக்கிறார்கள். நடுநடுவே வாய்ச்சண்டை. இதை ஆட்டம் என்பதைவிட உலாத்தல் என்று சொல்லலாம்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்த உலாத்தலில் மனிதர்களைக் கட்டிப்போடுவது எது? நாவலில் ஆட்டத்தின் நடுவே அவ்வளவு நேரம் நின்று பேச அவகாசம் எப்படிக் கிடைத்தது? பிரபுக்கள் காலத்து வேஷம் போட்டுப் பார்க்கும் ஆசைதானா இதெல்லாம்? என் வலது முழங்காலும் அவ்வளவு ஒத்துழைக்காது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

---

கறார் கண்ணன்

வேஷ ஆசைதான். அதிலும் இரண்டாம் கை வேஷம்.

இந்த ஆட்டங்கள் தலைமுறை தலைமுறையாக அறுபடாமல் வந்தவை என்று உங்கள் மருமகள் நினைத்துக்கொண்டிருந்தால் பாவம். 19ஆம் நூற்றாண்டிலேயே நகரங்களில் இவை கிட்டத்தட்டச் செத்துவிட்டன. 1815 வாக்கில் நான்கு ஜோடிகள் சதுரமாக நின்று ஆடும் குவாட்ரில் வந்தது, இருவர் அணைத்துச் சுழலும் வால்ட்ஸ் வந்தது, கன்ட்ரி டான்ஸ் மூட்டை கட்டிக்கொண்டு கிராமங்களுக்குப் போனது. நூறு ஆண்டு கழித்து செசில் ஷார்ப் என்ற இசை ஆசிரியர் பழைய புத்தகங்களைத் தோண்டி எடுத்தார். 1911இல் ‘இங்கிலிஷ் ஃபோக் டான்ஸ் சொசைட்டி’யைத் தொடங்கினார். அவர் தேடியது ‘கலப்பில்லாத ஆங்கிலேயப் பண்பாடு’. சாம்ராஜ்யத்தின் உச்சத்தில் அப்படியொரு தேடல் எதற்கு என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அதே காலத்தில் லண்டனில் மேரி நீல் என்ற பெண்மணி, தையல் வேலை செய்த ஏழைப் பெண்களுக்காக ‘எஸ்பெரான்ஸ்’ என்ற சங்கம் நடத்தி, அவர்களுக்கு நாட்டார் நடனம் கற்றுக்கொடுத்தார். அந்தப் பெண்கள் ஊர் ஊராகப் போய்ப் பிறருக்குக் கற்பித்தார்கள். ஷார்ப்புக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது. ஷார்ப் கேட்டது பிசகில்லாத ஆட்டம், நீல் கேட்டது உற்சாகம். யார் ஜெயித்தார்கள் என்பதற்குச் சாட்சி லண்டன் கேம்டன் பகுதியில் நிற்கிறது: 1930இல் திறந்த அந்தக் கட்டடத்தின் பெயர் ‘செசில் ஷார்ப் ஹவுஸ்’.

ஆகவே மாமா, நீங்கள் ஜூனில் பார்க்கப்போவது சார்லஸ் காலம் அல்ல. 1911ஆம் ஆண்டின் நடுத்தர வர்க்கம் கண்ட கனவு.

---

தேம்ஸ்கரை டீச்சர்

கண்ணன் தம்பி எழுதியதில் தகவல் பிழை எதுவும் இல்லை. முடிவில்தான் எனக்குச் சண்டை. அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். ரெடிங் பக்கம் ஒரு கிராமக் கூடத்தில் வாரந்தோறும் ஆடுகிறேன். எங்கள் கூட்டத்தில் ஒரு பிளம்பர் இருக்கிறார், ஓய்வுபெற்ற இயற்பியலாளர் இருக்கிறார், பல்கலைக்கழக மாணவிகள் இருக்கிறார்கள். ஜீன்ஸ், டி-ஷர்ட், தட்டையான செருப்பு. தொப்பியும் நாடாவும் ‘பால்’ என்ற வருடாந்தரப் பெரிய நடன விருந்துக்கு வேண்டுமானால் தலைகாட்டும். அன்றும் நான் கட்டுவது பருத்திப் புடவைதான், கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகி.

மாமா பார்த்த காட்சியிலிருந்து தொடங்குகிறேன். அதில் டார்சியும் எலிசபெத்தும் ஆடுவது ‘மிஸ்டர் பெவரிட்ஜஸ் மேகட்’. அது அச்சில் வந்தது 1695இல். ஜேன் ஆஸ்டின் பிறந்ததோ 1775இல். அவருடைய கதாபாத்திரங்களுக்கு அது கொள்ளுப்பாட்டி காலத்துச் சரக்கு. அன்றைய பால் நடனத்தில் யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். தொலைக்காட்சிக்காரர்களுக்கு வசனம் கேட்க வேண்டும், முகம் தெரிய வேண்டும். அதனால் நிதானமாக ஆடவிட்டார்கள். அழகான காட்சி, மறுக்கவில்லை. ஆனால் ஆஸ்டின் ஆடிய ஆட்டம் அப்படிப்பட்டதல்ல. 1798 டிசம்பரில் தன் அக்காவுக்கு எழுதிய கடிதத்தில், அன்று மொத்தம் இருபது ஆட்டங்கள், அத்தனையும் ஆடினேன், களைப்பே இல்லை என்கிறார். அப்போது அவருக்கு வயது 23. உலாத்திவிட்டு வந்து களைப்பில்லை என்று யாராவது பெருமையடிப்பார்களா?

பேச அவகாசம் எப்படி என்று கேட்டீர்கள். இதைப் புரிந்துகொண்டால் நாவலே வேறு மாதிரி தெரியும். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை, எதிரெதிராக நிற்பார்கள். எத்தனை ஜோடி வந்தாலும் சேர்த்துக்கொள்ளலாம். இன்று நாங்கள் இசை தொடங்கியதும் வரிசை முழுக்க ஒரே நேரத்தில் ஆடுகிறோம். அன்று அப்படியில்லை. தலைப்பில் நிற்கும் முதல் ஜோடி மட்டும், தனக்கு அடுத்துள்ள ஒன்றிரண்டு ஜோடிகளைச் சேர்த்துக்கொண்டு தொடங்கும். ஒரு சுற்று முடிந்தால் ஓரிடம் கீழே இறங்கும். இப்படி அது இறங்கி இறங்கி வந்து சேரும்வரை கீழே நிற்பவர்களுக்கு வேலையே இல்லை. நிற்க வேண்டும், எதிரே இருப்பவரைப் பார்க்க வேண்டும். பிடித்தவர் என்றால் வரம். பிடிக்காதவர் என்றால், ஒரே இணையோடு இரண்டு ஆட்டம் சேர்ந்தாற்போல் ஆடுவது வழக்கம் என்பதால், அரைமணி நேரத் தண்டனை. எலிசபெத்தும் டார்சியும் வாய் திறக்காமல் நின்ற அந்த மௌனம் இந்த ஏற்பாட்டின் உபயம். தாய் தந்தையர் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, இளம்பெண்ணும் இளைஞனும் யார் குறுக்கீடும் இல்லாமல் பேசிக்கொள்ள அந்தச் சமூகம் ஒதுக்கிய இடங்களில் இதுவும் ஒன்று. அதுவும் பத்துப் பேர் நடுவில்.

இப்போது ‘மனிதர்களைக் கட்டிப்போடுவது எது’ என்ற கேள்வி. நான் கணக்கு டீச்சர், எனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறேன்.

ஆறு ஜோடிகள் வரிசையில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து இரண்டிரண்டு ஜோடியாகப் பிரிந்து நால்வர் குழுக்கள். அந்த நால்வரும் கை கோத்துச் சுற்றலாம், குறுக்கே கடக்கலாம், எட்டு வடிவத்தில் ஒருவர் பின்னால் ஒருவர் நெளிந்து போகலாம். என்ன செய்தாலும் 32 தாள அளவு (bar) கொண்ட மெட்டு ஒருமுறை முடியும்போது இரண்டு ஜோடிகளும் இடம் மாறியிருக்க வேண்டும். கீழே இறங்கிய ஜோடி அடுத்த சுற்றில் புதிய ஜோடியைச் சந்திக்கும். மேலே ஏறிய ஜோடியும் அப்படியே. முனைக்கு வந்த ஜோடி ஒரு சுற்று சும்மா நின்று, திசை மாறி உள்ளே வரும். இப்படி ஆறு சுற்று முடிந்ததும் வரிசை அப்படியே தலைகீழாகியிருக்கும். அதற்குள் ஒவ்வொரு ஜோடியும் மற்ற எல்லா ஜோடிகளையும் சரியாக ஒரே ஒரு முறை சந்தித்திருக்கும். ஒருவரும் விடுபட மாட்டார், ஒருவரும் இரண்டாம் முறை வர மாட்டார். 15 சந்திப்புகள், ஆறு சுற்று, விறுவிறுப்பான மெட்டாக இருந்தால் மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம். காகிதத்தில் போட்டுப் பாருங்கள். ஏழு ஜோடிக்கு ஏழு சுற்று, எட்டுக்கு எட்டு.

அந்தக் கணக்குக்குள் நின்று பார்க்கும்போது எனக்கு என்ன ஆகிறது தெரியுமா? அரை நிமிடத்துக்கொரு முறை ஒரு புதிய முகம் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது. கையைப் பிடிக்கிறது, கண்ணைப் பார்க்கிறது. கண்ணைப் பார்ப்பது மரியாதைக்காக மட்டும் அல்ல, சுற்றும்போது தலை கிறுகிறுக்காமல் இருப்பதற்கும் அதுதான் வழி. ஒருவர் கை பஞ்சாக இருக்கும். ஒருவர் கை லேசாக எதிர்த்து இழுக்கும், அந்த இழுப்பில் இருவருமே வேகமாகச் சுற்றுவோம். பிளம்பரின் கை இரண்டாவது வகை. அவரோடு ஐந்து வார்த்தைக்கு மேல் நான் பேசியது கிடையாது. ஆனால் அவர் அன்றைக்கு எந்த மனநிலையில் இருக்கிறார் என்பதை அரை நிமிடத்தில் சொல்லிவிடுவேன்.

‘காலர்’ என்று ஒருவர் இருப்பார். ஆட்டத்தை முதலில் நடந்து காட்டச் சொல்வார், பிறகு இசையோடு ஒவ்வோர் அசைவையும் கொஞ்சம் முன்கூட்டியே அறிவிப்பார். மூன்றாம், நான்காம் சுற்றில் சொற்களைக் குறைப்பார். பிறகு நிறுத்தியே விடுவார். வயலினும் பியானோவும் மட்டும் ஓட, மொத்த வரிசையும் தானாக மாறிக்கொண்டு போகும். மெட்டின் இரண்டாம் பகுதி ஏறத் தொடங்கினால் ‘இப்போது குறுக்கே கடக்க வேண்டும்’ என்று கால் முடிவு செய்துவிடும். நான் புதன், வியாழன் என்று பாராமல் போய் நிற்பது அந்த நிமிடத்துக்காகத்தான்.

இனி கண்ணன் தம்பிக்கு. ‘அறுந்துபோனது, பிறகு கட்டப்பட்டது’ என்கிறீர்கள். ஆமாம். ஆனால் எதிலிருந்து கட்டினார்கள் என்று பாருங்கள். ஜான் பிளேஃபோர்ட் என்ற லண்டன் புத்தக வியாபாரி, டெம்பிள் தேவாலய வாசலில் கடை போட்டிருந்தவர், 1651இல் ‘தி இங்கிலிஷ் டான்சிங் மாஸ்டர்’ வெளியிட்டார். முதலாம் சார்லஸ் மன்னரின் தலையை வெட்டி இரண்டாண்டு ஆகியிருந்தது, நாடக அரங்குகள் மூடிக்கிடந்தன. அந்த நேரத்தில் நூற்றுச் சொச்சம் ஆட்டங்கள் கொண்ட புத்தகம்! விற்றது, 1720கள் வரை பதிப்பு மேல் பதிப்பாக வந்துகொண்டிருந்தது. பக்கத்தின் மேலே மெட்டு, கீழே சில வரிக் குறிப்பு, ஆணுக்குப் பிறை, பெண்ணுக்கு வட்டம். அவ்வளவுதான். காலடி எப்படி, கையை எந்த உயரத்தில் பிடிப்பது, எந்த வேகம் — ஒன்றும் கிடையாது. அன்றைக்கு வாங்கியவருக்கு அதெல்லாம் தெரியும், எழுத அவசியமில்லை.

ஆகவே பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவரும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஓர் உதாரணம்: பழைய ஆட்டங்களில் ‘சைடிங்’ என்ற அசைவு அடிக்கடி வரும். இணையை நோக்கிப் போய்ப் பக்கவாட்டில் வர வேண்டும். எப்படி என்று பிளேஃபோர்ட் சொல்லவில்லை. ஷார்ப், இருவரும் வளைந்து இடம் மாறித் திரும்பி, வந்த வழியே மீள்வதாக வைத்தார். அரை நூற்றாண்டு கழித்து பாட் ஷா என்பவர், தோளுக்குத் தோள் போய் நின்று பின்னால் வருவதுதான் இதற்குப் பொருந்தும் என்றார். இன்றும் காலர் ‘ஷார்ப் சைடிங்கா, ஷா சைடிங்கா’ என்று முதலில் சொல்லிவிடுவார். சரித்திரப்படி ஷா சொன்னது நெருக்கமாக இருக்கலாம். ஆனால் மெதுவான மெட்டு வந்தால் ஷார்ப்பின் வளைவுதான் எனக்குப் பிடிக்கிறது. அதைச் சொல்ல வெட்கமும் இல்லை.

தூய்மையைத் தேடியவர் ஷார்ப், சரி. ஆனால் தூய்மைக்கு இடமே கொடுக்காத புத்தகம் அவருக்குக் கிடைத்தது. அவர் போட்ட கட்டை அவிழ்த்து ஷா வேறு மாதிரி கட்டினார், புதிய ஆட்டங்களையும் எழுதினார். ஷா 1974இல் எழுதிய ‘லீவை ஜாக்சன் ராக்’ ஐந்து ஜோடிகளுக்கானது, மெட்டு ராக்டைம் என்ற பழைய அமெரிக்கத் துள்ளிசையின் சாயல். 1651ஐச் சேர்ந்த ஆட்டத்துக்கு அடுத்தபடியாக அதே மாலையில் அதையும் ஆடுகிறோம். குறிப்பு முழுமையாக இருந்திருந்தால் இது கண்ணாடிப் பெட்டிக்குள் போயிருக்கும் என்பது என் கருத்து. குறை இருந்ததால்தான் ஒவ்வொரு தலைமுறைக்கும் கை வைக்க இடம் கிடைத்தது.

இன்னொன்று. ஷார்ப்பின் ஆட்டக் குழுவில் இருந்த இளைஞர்களில் நால்வர் 1916இல் முதல் உலகப் போரில் செத்தார்கள். அவர்களில் ஒருவர் இசையமைப்பாளர் ஜார்ஜ் பட்டர்வொர்த். 1912இல் அவர் ஆடிய சில விநாடிப் படம் இன்றும் இருக்கிறது. மெலிந்த உடல், என்ன துள்ளல்! வகுப்புகளைத் தொடர்ந்து நடத்தியவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களையும் ‘நடுத்தர வர்க்கக் கனவு’ என்று ஒரு வரியில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை தம்பி.

---

பாஸ்டன் வாசி

டீச்சர் அம்மா நன்றாகச் சொன்னார்கள். அமெரிக்கப் பக்கத்துச் செய்தி கொஞ்சம். ஷார்ப் 1915இல் இங்கே வந்தபோது தொடங்கிய கிளைதான் இன்றைய ‘கன்ட்ரி டான்ஸ் அண்ட் சாங் சொசைட்டி’. மாசசூசெட்ஸில் பைன்வுட்ஸ் என்ற ஏரிக்கரைக் காட்டு முகாமில் கோடைதோறும் ஆடுவார்கள். நியூ இங்கிலாந்தின் ‘கான்ட்ரா’ நடனமும் இதே பழைய வரிசை ஆட்டத்தின் வழித்தோன்றல்தான். அது வேகம், சுழற்சி, வியர்வை. நான் முதலில் அதைத்தான் ஆடினேன். ஆங்கில ஆட்டத்துக்கு இழுத்தது இசை. கான்ட்ராவில் பெரும்பாலும் ஒரே ஓட்டம்; இங்கே ஓர் இரவில் பல நடைகள், சோகமான மெட்டுகூட வரும். ‘ஹோல் இன் தி வால்’ ஆடும்போது ஒலிப்பது ஹென்றி பர்செல் 1695இல் ஒரு நாடகத்துக்கு எழுதிய மெட்டு. கச்சேரியில் உட்கார்ந்து கேட்பதற்கும் அதன் மேல் நடப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

மாமாவுக்கு ஒரு தகவல்: ஆண் இடம், பெண் இடம் என்று இப்போது பல குழுக்களில் பார்ப்பதில்லை. யாரும் எந்தப் பக்கமும் நிற்கலாம், யாரும் யாரையும் ஆட அழைக்கலாம். உங்களை ஒரு தாத்தா வந்து அழைத்தால் திகைக்க வேண்டாம்.

---

கறார் கண்ணன்

டீச்சர், குறிப்பில் குறை இருந்தது என்ற வாதம் எனக்குப் புதிது. யோசிக்கிறேன். ஆனால் மேரி நீலின் பெயரில் ஒரு கட்டடமும் இல்லை என்பதில் நான் இறங்கி வர மாட்டேன்.

---

தேம்ஸ்கரை டீச்சர்

இறங்க வேண்டாம். அதில் நானும் உங்கள் பக்கம்தான்.

---

பாளை மாமா

அடேயப்பா! ஆறு ஜோடிக் கணக்கைத் தீப்பெட்டிக் குச்சிகளை வைத்துப் போட்டுப் பார்த்தேன். ஆறாம் சுற்றில் வரிசை தலைகீழ். வீட்டில் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

இரண்டு சந்தேகம் மிச்சம். முழங்காலோடு சமாளிக்க முடியுமா? முதல் நாள் ஓரமாக உட்கார்ந்து கவனித்துவிட்டு, பிடிபட்ட பிறகு எழுந்தால் உத்தமம்தானே? அக்கா மகளையே இணையாக வைத்துக்கொண்டால் பயம் தெளியும் என்றும் நினைக்கிறேன்.

---

தேம்ஸ்கரை டீச்சர்

முழங்காலுக்கு நடை போதும். துள்ள விரும்புகிறவர்கள் துள்ளுவார்கள், நீங்கள் நடந்தே போய்ச் சேரலாம். சரியான இடத்தில் சரியான நேரத்தில் இருந்தால் யாரும் கால்களைப் பார்க்க மாட்டார்கள். வழவழப்பான அடிப்பாகம் உள்ள செருப்போ ஷூவோ போடுங்கள். தரையைக் கவ்விப் பிடிக்கும் ரப்பர் அடிப்பாகம்தான் முழங்காலுக்கு எமன்: உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது. இடது காலில் எடை வைத்துத் திரும்பப் பழகுங்கள். ‘ஸ்கிப் ஸ்டெப்’ (துள்ளு நடை) என்று காலர் சொன்னால் உங்கள் காதில் விழாததாக வைத்துக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்து கவனிக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். காலர்கள் எளிய ஆட்டங்களை முதலில் வைப்பார்கள், தேநீர் இடைவேளைக்குப் பிறகுதான் சிக்கலானவை வரும். ஓரத்தில் உட்கார்ந்து எளிதையெல்லாம் விட்டுவிட்டு, தைரியம் வந்து எழும்போது உங்கள் முன்னால் நிற்பது மிகக் கடினமானதாக இருக்கும். முதல் ஆட்டத்துக்கே எழுந்துவிடுங்கள். வரிசையின் கடைக்கோடியில் நிற்காதீர்கள். புதியவர்கள் கூச்சத்தில் அங்கேதான் போய் ஒளிவார்கள். முனையில் ஒரு சுற்று காத்திருந்து, எதிர்த் திசையில் உள்ளே வருவதுதான் இருப்பதிலேயே தடுமாற வைக்கும் இடம். நடுவில் நில்லுங்கள்.

அக்கா மகளோடு ஒரே ஓர் ஆட்டம் ஆடுங்கள். மற்றதெல்லாம் அந்த ஊர் ஆட்களோடு. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இணை மாறுவதுதான் வழக்கம், அவளுக்கும் வேறு நண்பர்கள் இருப்பார்கள். ஆட்டம் தெரிந்தவர் உங்கள் கையைப் பிடித்து, நீங்கள் எங்கே போக வேண்டும் என்று கண்ணாலேயே காட்டுவார். அந்தப் பக்கம் போய்விடுங்கள்.